டிரைவரம்மா பால் கொடுத்த பத்தொன்பது மாதங்கள்

பதினோரு மீட்டர் நீளப் பேருந்தைப் பின்பக்கமாகவே ஓட்டிவந்து, இரண்டு பேருந்துகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டுச் செருகிவிடுவாள் அவள். பணிமனையில் அதைப் பார்த்து வாய் பிளக்காத ஆளில்லை. பயணிகளுக்கு அவள் டிரைவரம்மா. பணிமனையிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. பதினேழாம் எண் தடத்தில் ஆறு வருடமாக ஓட்டுகிறாள். பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அப்படிப்பட்டவளுக்கு, மூன்று கிலோகூட இல்லாத ஒரு குழந்தையின் வாயைச் சரியான இடத்தில் கொண்டுபோய்ப் பொருத்தத் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

ஆனால் மருத்துவமனையில் மூன்றாம் நாள் நிலைமை அதுதான். குழந்தை வாயைத் திறக்கும், தேடும், மூக்கை உரசும், நுனியை மட்டும் நறுக்கென்று கவ்வும், அப்புறம் தன்னை யாரோ ஏமாற்றிவிட்டதுபோல வீறிடும். இவளுக்குக் கால் கட்டைவிரல் வரைக்கும் சுரீரென்று இழுக்கும். பக்கத்தில் நிற்கும் கணவனுக்கோ கை கால் ஓடாது. அவன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். தெருவே அவனை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். ஓட்டப்பந்தயத்தில் கடைசிச் சுற்றுக்கு வந்த பிள்ளையை உற்சாகப்படுத்துகிற மாதிரி, அப்படித்தான், விடாதே, இன்னும் கொஞ்சம்தான் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒரு கட்டத்தில் அவள் அவனைக் கதவுக்கு வெளியே போய் நிற்கச் சொல்லிவிட்டாள்.

ஆறாம் நாள் குழந்தையை எடை போட்டார்கள். பிறந்தபோது இரண்டு கிலோ தொள்ளாயிரம். இப்போது முந்நூறு கிராம் குறைந்திருந்தது. கொஞ்ச நாளைக்குப் பவுடர் பாலும் சேர்த்துக் கொடுங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். இவள் காதில் மட்டும் அது லைசென்ஸைப் பறித்துக்கொண்டதுபோல விழுந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் அந்த வார்டு நர்ஸ் உள்ளே வந்தாள். குட்டையான உருவம், முழங்கைக்கு மேல் மடித்துவிட்ட சட்டைக் கை, எதற்கும் அலட்டிக்கொள்ளாத முகம். அழுகையைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"டப்பாப் பால் குடுத்தா ஒண்ணும் குடி முழுகிடாதும்மா. பசியோட இருக்கற பாப்பா எப்படி வேலை கத்துக்கும்? முதல்ல வயிறு நிறையட்டும். பாடம் அப்புறம்."

சின்னக் கிண்ணத்தில் பவுடர் பாலைக் கரைத்து, சொட்டுச் சொட்டாகக் குழந்தையின் வாயில் விட்டாள். அழுகை அடங்கியது. பிறகு இவளை நிமிர்ந்து உட்கார வைத்தாள். குழந்தையை மடியில் குறுக்காகப் போட வேண்டாம், பக்கவாட்டில் வைத்து, கால் பின்னால் போகிற மாதிரி அக்குளில் இடுக்கிக்கொள் என்றாள். இவளுக்குப் புரியவில்லை. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அந்த மாதிரி என்று நர்ஸ் விளக்கினாள்.

கதவருகில் நின்றிருந்த மாஸ்டரின் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. ஆறு நாளாக அந்த அறையில் அவனுக்குத் தெரிந்த விஷயம் என்று ஒன்றை யாரும் பேசியிருக்கவில்லை. சட்டென்று தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கி, முழங்கை எங்கே இருக்க வேண்டும், உள்ளங்கை எதைத் தாங்க வேண்டும் என்று காட்டினான். காட்டிய வேகத்தில் கட்டிலைச் சுற்றி இரண்டு எட்டும் வைத்துவிட்டான்.

"ஓட வேண்டாம் சார்," என்றாள் நர்ஸ்.

சிரிப்பு வந்ததில் இவளுடைய தோள் தளர்ந்தது. அந்த நேரம் பார்த்துக் குழந்தை வாயை ஆவென்று அகலமாகத் திறந்தது. நர்ஸ் இவள் முதுகில் லேசாகத் தட்டி, இப்போது என்றாள். பேருந்தைச் செருகுகிற அதே நிதானத்தோடு இவள் குழந்தையை அணைத்தாள். வலிக்கவில்லை. இழுத்தது, அவ்வளவுதான். குழந்தையின் காதுக்குக் கீழே தாடை அசைந்தது. பிறகு தொண்டைக்குள் 'க்ளக்' என்று ஒரு சத்தம். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். அதுவும் வந்தது. குழந்தை வாயை எடுத்தபோது மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்: ஏழு நிமிடம்.

மறுநாள் காலை அவன் வந்தபோது சட்டைப் பையில் ஒரு பதக்கம் இருந்தது. பள்ளி விளையாட்டு விழாவில் மீந்துபோனது. சாக்கு ஓட்டம், மூன்றாம் பரிசு. அதைத் தொட்டில் கம்பியில் மாட்டினான்.

"மூணாம் பரிசா? முதல் பரிசு எங்க?"

"அதைப் பசங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க. மிச்சம் இருந்தது இதுதான்."

தையல் இழுக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்தாள். அவர்களுடைய கொண்டாட்டங்கள் அப்படித்தான் ஆரம்பித்தன. யாரும் திட்டம் போடவில்லை.

பதினாறாம் நாள் குழந்தை இழந்த எடையையெல்லாம் மீட்டு, மேலே ஐம்பது கிராமும் சேர்த்துக்கொண்டது. என்ன வேண்டும் கேள் என்றான் மாஸ்டர். தூக்கம் என்றாள் அவள். வயிறு முட்டக் குடித்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் தெருவில் இறங்கினான். முனைக் கடைவரைக்கும் போவான், திரும்புவான், மறுபடி போவான். எட்டாவது தடவை கடைக்காரர் தாங்க முடியாமல், ஏதாவது தொலைத்துவிட்டீர்களா மாஸ்டர் என்று கேட்டார். இல்லை, ஒருத்தர் தூங்குகிறார் என்றான் அவன். கடைக்காரர் தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தார். அது கொட்டக் கொட்ட விழித்திருந்தது.

எல்லாம் வழுக்கிக்கொண்டு போனதாக நினைத்துவிடக் கூடாது. ஆறாவது வாரம் இவளுக்கு ஒரு பக்கம் பால் கட்டிக்கொண்டு கல்லாகிவிட்டது. காய்ச்சல் அனலாக அடித்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்தப் பக்கமும் நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே இரு என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தாள். அந்த நான்கு நாளும் வீட்டில் யாரும் எதையும் கொண்டாடவில்லை. அது தீர்ந்த அடுத்த வாரம், பவுடர் பால் டப்பா காலியானது. புது டப்பா வாங்க மாஸ்டர் செருப்பை மாட்டினான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, வாங்காமல் இருந்து பார்ப்போமா என்றாள். பார்த்தார்கள். குழந்தை ஒன்றும் கண்டுகொள்ளவில்லை. அந்த டப்பாவைக் கழுவிக் காயவைத்து அதில் துணி கிளிப்புகளைப் போட்டு வைத்தாள். அதன்மேல் அவளுக்கு எந்தக் கோபமும் இல்லை; ஆபத்துக்கு உதவிய டப்பா.

நான்காம் மாத முடிவில் விடுப்பு தீர்ந்தது.

வேலைக்குத் திரும்புவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே கையால் அழுத்துகிற பால் பம்பு ஒன்றை வைத்துக்கொண்டு பழகினாள். முதல் நாள் பாட்டிலின் அடி நனைந்தது, அவ்வளவுதான். நான்காம் நாள் குழந்தையின் சட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பால் பீய்ச்சி அடித்தது. கால் சுளுக்கிய பிள்ளைகளுக்காக மாஸ்டர் மைதானத்துக்குத் தூக்கிப் போகும் ஐஸ் பெட்டி இருந்தது. அதைத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தான். காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு வரை அவளுக்கு வண்டி. பள்ளிக்குப் போகிற வழியில் குழந்தையைக் காப்பகத்தில் விடுவது அவன் வேலை. எடுத்து வருவது இவள் வேலை.

சிக்கல் டைம் கீப்பரிடம் காத்திருந்தது. எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எத்தனை மணிக்கு வந்து சேர வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில். அவரும் கண்டிப்புக்குப் பேர்போன மனிதர். முதல் நாள் காலையிலேயே அவருடைய ஜன்னலுக்கு முன்னால் போய் நின்று, இரண்டு நடைக்கு ஒரு தடவை இருபது நிமிடம் வேண்டும் சார் என்றாள்.

"எதுக்கு?"

"பால் எடுக்கணும் சார்."

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "பால் வாங்கறதெல்லாம் டியூட்டி முடிஞ்சு வச்சுக்கக் கூடாதாம்மா? வண்டியை நிறுத்திட்டுக் கடைக்குப் போனா நான் மேல என்ன பதில் சொல்றது?"

அவளோடு ஆறு வருடமாக அதே வண்டியில் வரும் கண்டக்டர் அக்கா பின்னால் நின்றிருந்தாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போவதில் அவளுக்கு நிகர் அவள்தான். தோளை விட்டு இறங்காத பையோடு முன்னால் வந்தாள்.

"அவ ஏன் சார் கடைக்குப் போறா? கடையே அவதான்."

டைம் கீப்பருக்கு விஷயம் உறைக்க ஒரு நிமிடம் பிடித்தது. உறைத்ததும் காது மடல் சிவந்துவிட்டது. மேஜை மேலிருந்த காகிதங்களை எடுத்தார், அடுக்கினார், மறுபடி கலைத்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு சாவியை ஜன்னல் வழியாக நீட்டினார். பயணிகள் மறந்துவிட்டுப் போன பொருள்களைப் போட்டு வைக்கும் அறையின் சாவி அது. பணிமனையில் உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிற அறை அது ஒன்றுதான் என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

உள்ளே நாற்பது குடைகள், மூடியில்லாத சாப்பாட்டு டப்பாக்கள், இடது கால் ஷூ ஒன்று, ஒரு ஊன்றுகோல். ஊன்றுகோலை மறந்துவிட்டு ஒருவர் எப்படி இறங்கிப் போயிருப்பார் என்ற யோசனையிலேயே அவளுடைய முதல் இருபது நிமிடம் கழிந்தது. வெளியே வந்தபோது ஐஸ் பெட்டிக்குள் ஒரு பாட்டில் முக்கால்வாசி நிறைந்திருந்தது. கண்டக்டர் அக்கா தேநீர்க் கோப்பையை அவள் கோப்பையோடு இடித்தாள். அடுத்த வாரம் அந்த அறையில் முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று முளைத்திருந்தது. யார் போட்டது என்று கேட்டால் டைம் கீப்பர், இங்கே எத்தனையோ பொருள் மறந்துவிட்டுப் போகிறார்கள் என்றார். பேருந்தில் நாற்காலியை யார் மறந்துவிட்டுப் போவார்கள் என்று அவளும் கேட்கவில்லை.

குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்த அன்று நடந்ததுதான் அவள் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்வது.

இரண்டாவது நடையில், பாதி வழியில், சாலைக்கு அடியில் போகிற பெரிய தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது. முன்னால் தார் பெயர்ந்து குளமாகக் கிடந்தது. பின்னால் லாரியும் காருமாக அடைத்துக்கொண்டது. ஒரு அடி நகர வழியில்லை. அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. அவள் பால் எடுக்க வேண்டிய நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. மார்பு இரண்டும் விம்மிக் கனத்தன. பெரிய ஸ்டீயரிங் லேசாக உரசினாலே உயிர் போனது. மூன்றாவது வரிசையில் யாருடைய குழந்தையோ சிணுங்கியது. அவ்வளவுதான், சீருடைச் சட்டையில் இரண்டு வட்டமாக ஈரம் பரவத் தொடங்கியது. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் முன்கண்ணாடியையே வெறித்தாள்.

கண்டக்டர் அக்கா எட்டிப் பார்த்தாள். கேட்க ஒன்றும் இல்லை. விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினாள். வண்டியே திரும்பிப் பார்த்தது.

"எல்லாரும் கேளுங்க. நம்ம டிரைவரம்மாவுக்கு வீட்ல கைக்குழந்தை இருக்கு. பால் எடுக்கற நேரம் தாண்டிப் போச்சு, வலி தாங்கல. கடைசி சீட்டு வேணும். உட்கார்ந்திருக்கவங்க கொஞ்சம் முன்னால வாங்க."

டிரைவரம்மாவுக்கு அந்தக் குளத்திலேயே குதித்துவிடலாம் போலிருந்தது. ஆனால் யாரும் முணுமுணுக்கவில்லை. கடைசி வரிசையில் இருந்த நான்கு ஆண்கள், ஏதோ தாங்கள் செய்த தப்புபோல அவசரமாக எழுந்து இறங்கிப் போய் ஒரு சுவரோர நிழலில் நின்றுகொண்டார்கள். அவர்களைப் பார்த்து மற்ற ஆண்களும் இறங்கினார்கள். தைத்து முடித்த திரைச்சீலைகளை ஒரு வீட்டில் கொடுக்கப் போய்க்கொண்டிருந்த தையற்காரப் பெண் ஒருத்தி மூட்டையை அவிழ்த்தாள். கருநீலத்தில் பெரிய பெரிய மஞ்சள் பூப் போட்ட துணி. மேல் கம்பியில் ஒன்றும் ஜன்னலில் ஒன்றுமாக மாட்டி, பல்லால் நூலைக் கடித்து முடிச்சும் போட்டாள். நிமிடத்தில் கடைசி சீட்டு ஓர் அறையாகிவிட்டது. இரண்டு கல்லூரிப் பெண்கள் யாரும் சொல்லாமலே அதன் முன்னால் காவலுக்கு நின்றுகொண்டார்கள்.

பம்பும் ஐஸ் பெட்டியுமாக உள்ளே உட்கார்ந்ததும் முதலில் ஒரு சொட்டும் வரவில்லை. வெளியே அத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்ற நினைப்பே அடைத்தது. அப்போது திரைக்கு அந்தப் பக்கம் ஒரு கிழட்டுக் குரல், தன் மகள் குழந்தையாக இருந்தபோது ஒரு பக்கம் மட்டும்தான் குடிப்பாள், தான் ஒரு வருடம் சாய்ந்துபோய்த்தான் நடந்ததாக யாருக்கோ சொல்லத் தொடங்கியது. இன்னொருத்தி தன் கதையைச் சொன்னாள். தனக்குப் பாலே வரவில்லை, பையன் டப்பாப் பாலில்தான் வளர்ந்தான், இப்போது ஆறடி, வாசற்படியில் தலை இடிக்கிறது என்றாள். சிரிப்பு எழுந்தது. திரைக்குள் இருந்தவளும் சிரித்தாள். சிரித்ததும் இறங்கியது. இரண்டு பாட்டில்களும் நிறைந்து, மூடி போடும்போது வழிந்தது.

சட்டைக்கு மேல் கண்டக்டர் அக்காவின் துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். ஆச்சா என்று கேட்டார்கள். ஆச்சு என்றாள். அந்த அக்காவுக்கு வாய் சும்மா இருக்குமா? இன்றைக்கு அந்தப் பாப்பாவுக்கு ஆறு மாதம் முடிகிறது, இந்த ஆறாவது மாதத்திலும் தாய்ப்பால்தான் என்று அறிவித்துவிட்டாள். ஒரு கூடை ஆரஞ்சோடு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தவர் கூடையைத் திறந்தார். இறங்கிப் போனவர்களையும் கூப்பிட்டு ஆளுக்குப் பாதி கொடுத்தார். டிரைவரம்மாவுக்கு மட்டும் இரண்டு முழுப் பழம். குழாய் அடைபட்டு வழி திறந்தபோது மணி ஒன்று. வண்டிக்குள் ஆரஞ்சுத் தோல் வாசனை. இறங்கிய ஒவ்வொருவரும் முன்வாசல் வழியாகவே இறங்கினார்கள். குழந்தையைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

வீட்டில் அன்று மாஸ்டர் தன் பங்குக்குப் பலூன்கள் ஊதிக் கட்டி வைத்திருந்தான். அவள் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவன் முகம் தொங்கிப் போயிற்று. நாற்பது பேரோடு போட்டி போட்டால் என் பலூன் எந்த மூலைக்கு என்றான்.

எட்டாம் மாதம் முதல் பல் முளைத்தது. அது குழந்தையின் வாயில் வெளுப்பாகத் தெரிவதற்கு முன்பே இவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் மாஸ்டர் முகத்தில் சவர நுரையோடு ஓடி வந்தான். கடித்தவளோ தலையைத் தூக்கி, தான் செய்த வேலையின் பலனைப் பார்த்துக் கெக்கலித்துச் சிரித்தாள். ஒரு வாரம் வீட்டில் போர்தான். கடித்தால் உடனே விலக்கி, இல்லை என்று சொல்லிக் கீழே விடுவாள். குழந்தை உதட்டைப் பிதுக்கும். ஏழாம் நாள் கடிக்க வாயை இறுக்கியது, தாயின் முகத்தைப் பார்த்தது, விட்டுவிட்டது. அதைப் போய் யாரிடம் பீற்றிக்கொள்வது? கண்டக்டர் அக்காவிடம் சொன்னாள். அக்கா அன்று ஓட்டலில் இவளுக்கு இரட்டை ஆம்லெட் சொன்னாள்.

ஒரு வருடம் முடிந்தபோது பகலில் குழந்தை வேறு சாப்பாட்டிலேயே சமாளிக்கத் தொடங்கியிருந்தது. பம்பைக் கழுவி அட்டைப் பெட்டியில் வைத்தாள். சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது டைம் கீப்பர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. டிக்கெட் பிரிவில் ஒரு பெண் அடுத்த மாதம் விடுப்பு முடிந்து வருகிறாள், அவளிடம் கொடுத்துவிடு, எனக்கு விளக்கமெல்லாம் சொல்ல வராது என்றார்.

காலையில் எழுந்ததும் ஒரு முறை, வேலையிலிருந்து வந்ததும் ஒரு முறை என்று மிச்சமிருந்தது. பிறகு காலை மட்டும். பேசத் தொடங்கிவிட்ட குழந்தை அதற்கு 'பாபு' என்று பேர் வைத்திருந்தது. பாபு வேணும், பாபு அந்தப் பக்கம், பாபு போதும். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள், யார் அந்தப் பாபு என்று கேட்பார்கள்.

பத்தொன்பதாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குழந்தை வழக்கம்போல மடியில் ஏறியது. கையில் யானைப் படம் போட்ட புத்தகம். இவள் சட்டைப் பொத்தானில் கை வைத்தாள். குழந்தை அந்தக் கையை விலக்கிவிட்டுப் புத்தகத்தை விரித்து, யானையைக் காட்டியது. படித்துக் காட்டினாள். முடிந்ததும் இறங்கி ஓடிவிட்டது. திங்கள் காலையும் கேட்கவில்லை. செவ்வாயும் இல்லை. இவளே, பாபு வேணுமா என்று கேட்டாள். குழந்தை அவள் மார்பை ஒரு பெரிய மனுஷியைப் போலத் தட்டிக்கொடுத்துவிட்டு, "டாட்டா" என்றது.

அன்று மாலை மாஸ்டரிடம் சொன்னாள். "முடிஞ்சு போச்சுன்னு நினைக்கிறேன்."

இத்தனை நாள் எதையாவது கொண்டாடச் சாக்குத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான்.

"கேக் வாங்கிட்டு வரவா? இல்ல, சும்மா பக்கத்துல உட்காரவா?"

"ரெண்டும்," என்றாள். கண்ணில் நீர் முட்டியது. ஆனால் வருத்தம் என்றும் அதைச் சொல்லிவிட முடியாது. இரும்புப் பெட்டி மாதிரி ஒன்றை மாடிவரை தூக்கிப்போய் வைத்துவிட்டு நிமிர்ந்தால், கை தானாக மேலே எழும்புமே, அப்படி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெளியே போகலாம் என்றான். எங்கே வேண்டுமானாலும் நீயே சொல் என்றான். அவள் யோசித்துவிட்டு, பேருந்தில் போகலாம் என்றாள். மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாரம் ஆறு நாள் அதில்தானே இருக்கிறாய் என்றான். நான் ஓட்டாத பேருந்தில், சீட்டில் உட்கார்ந்து, கடைசி நிறுத்தம் வரை போய்விட்டு வர வேண்டும் என்றாள். போனார்கள். நாற்பத்து மூன்றாம் எண் வண்டி, இடது பக்கம், ஜன்னலோரம். மடியில் குழந்தை. கேக் பெட்டி மாஸ்டரின் மடியில்.

நான்கு நிறுத்தம் வரை குழந்தை வெளியே போகிற ஒவ்வொரு வண்டிக்கும் பேர் சொல்லிக்கொண்டு வந்தது. பிறகு கண் சொருகியது. தலையை அவள் மார்பில் சாய்த்து, எதையும் தேடாமல், வாயைத் திறந்தபடி தூங்கிப்போனது. அவள் ஜன்னல் கண்ணாடியைச் சாத்திவிட்டு, ஒரு கையால் அதன் தலையைத் தாங்கிக்கொண்டாள். சாலை வளைவில் டிரைவர் கிளட்ச்சை அரைகுறையாக மிதித்துக் கியரை மாற்றினார், வண்டி குலுங்கிற்று.

"பாத்தீங்களா, பாத்தீங்களா," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீ இன்னிக்குப் பயணி," என்றான் மாஸ்டர். "பேசாம வா."